நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு நகவெட்டியா?

சில வாரங்களுக்கு முன்பு இதே பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். மகளுக்குக் கல்யாணச் சீரோடு விலை உயர்ந்த 'மேனிக்யூர் செட்' ஒன்றையும் வாங்கி வைத்தாராம். "நகம் வெட்டுறதுக்கு இவ்வளவு காசா?" என்று உறவுக்காரர்கள் கேலி பேசினார்களாம். 'உசத்தி ஸ்டீல், உசத்தி ஸ்டீல் என்கிறார்களே, அதில் ஏதாவது அர்த்தம் உண்டா, இல்லை கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதையா?' என்று கேட்டு முடித்திருந்தார்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே சிரிப்பு போய்விட்டது. காரணம், இதே கேள்வி எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பத்தாவது வரை படித்தவள். ஸ்டீலைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பட்ட தகுதிதான்!

முதலில் பழைய கதை கொஞ்சம். நான் பிறந்தது மேச்சேரிப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் நகவெட்டி என்ற பொருளே கிடையாது. அப்பா சவரம் செய்து முடித்த பிளேடை இரண்டாக உடைத்து, பாதியை ஜன்னல் சட்டத்தில் செருகி வைப்பார். அதுதான் எங்கள் ஆறு பேருக்கும் நகவெட்டி, பென்சில் சீவி, தையல் பிரிக்கும் கருவி எல்லாம். பாட்டிக்கு மட்டும் கால் நகம் எடுக்க ஊர் நாவிதர் வருவார். சின்ன உளி மாதிரி ஒரு இரும்பு வைத்திருப்பார். உள்ளங்கையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பாட்டியின் கட்டை விரலைப் பிடித்தாரென்றால் தேங்காய்ச் சில் கீறுகிற மாதிரி நகம் சுருண்டு விழும். வெள்ளிக்கிழமை வெட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது, வீட்டுக்குள் ஒரு துண்டு விழக் கூடாது என்று ஆயிரம் சட்டம். விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது என்றது சரிதான். சிம்னி வெளிச்சத்தில் பாதி பிளேடால் நகம் வெட்டினால் விரல் என்ன ஆகும்?

கல்யாணமாகி சேலம் வந்த பிறகுதான் நகவெட்டியைப் பார்த்தேன். திருவிழாக் கடையில் வாங்கியது. சாவிக்கொத்து வளையம், சின்னக் கத்தி, சோடா மூடி திறக்கிற கொக்கி எல்லாம் சேர்ந்து ஒரே சாமானில் இருக்கும். காலண்டர் ஆணியில் தொங்கும். வீட்டில் எல்லோருக்கும் அது ஒன்றுதான். மழுங்கிப் போனாலும் மாற்ற மாட்டோம். அழுத்தினால் 'டக்' என்று வெட்டாது, 'நறுக்' என்று நசுங்கும். பாதி வெட்டி, மீதியைக் கையால் பிய்த்துவிடுவோம். எத்தனை வீடுகளில் இன்றைக்கும் இப்படித்தான் என்று எனக்குத் தெரியும், மறைக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அத்தைக்கு (மாமியாருக்கு) வயது 68. பதினாலு வருஷமாகச் சர்க்கரை. குனிந்து கால் நகம் வெட்ட அவர்களால் முடியாது. நான்தான் வெட்டிவிடுவேன். சர்க்கரைக்காரர்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, கட்டை விரல் நகம் தடித்து, மஞ்சள் பாரித்து, கொட்டாங்குச்சி மாதிரி ஆகிவிடும். போன வருஷம் பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அந்தக் காலண்டர் நகவெட்டியை எடுத்தேன். நகத்தின் தடிமனுக்கு அதன் வாய் போதவில்லை. ஓரத்தில் கொடுத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். வழுக்கிவிட்டது. நகத்தோடு சேர்த்துப் பக்கத்துச் சதையிலும் ஒரு கடி.

அத்தை ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் கொடுமை. அவர்களுக்குத் தெரியவே இல்லை. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. துடைத்து மஞ்சளை வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க அத்தை" என்று நானே சொல்லிக் கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நாலாவது நாள் விரல் நுனி சிவந்து வீங்கியிருந்தது. அன்றைக்கும் அவர்களுக்கு வலி இல்லை. செருப்பு இறுக்குகிறது என்றுதான் சொன்னார்கள். கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் சீழ். என் வீட்டுக்காரர் ஆட்டோ கூப்பிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

டாக்டர் சத்தம் போடவில்லை. ஆனால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் இன்னும் காதில் இருக்கிறது. சர்க்கரை நாள்பட்டால் காலில் உணர்ச்சி நரம்பு மரத்துப் போகும். ரத்த ஓட்டமும் குறையும். குத்தினாலும் தெரியாது, புண் ஆனால் ஆறாது. நம் நாட்டில் விரல் எடுக்கிற, கால் எடுக்கிற நிலைமைக்கு வருகிறவர்களில் பலருக்கு ஆரம்பம் இந்த மாதிரி ஒரு சின்னக் காயம்தான் என்றார். மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினோம். மாத்திரை, ஊசி, சர்க்கரைக்கு மருந்தளவு கூட்டல். கடவுள் புண்ணியத்தில் விரல் தப்பியது.

அத்தை ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. "நீயா வேணும்னு செஞ்சே? எனக்கே தெரியலியே" என்றார்கள். சிங்கப்பூரில் இருக்கிற நாத்தனார்தான் போனில், "அம்மா விரல் தப்பிச்சது பெரிய விஷயம். இனிமே பார்த்துப் பண்ணுங்க அண்ணி" என்றாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது. பதினாறு வருஷம் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவள் நான்.

ஆடி மாதம் நாத்தனார் ஊருக்கு வந்தாள். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்துக் கொடுத்தது ஒரு சின்ன டப்பா. "இது ஜப்பான்ல செஞ்சது அண்ணி, இனி அம்மாவுக்கு இதுலதான் வெட்டணும்" என்றாள். பார்த்தால் குறடு மாதிரி இருந்தது. நிப்பர் என்கிறார்கள். இரண்டு கைப்பிடி, நடுவில் ஸ்பிரிங், முனையில் வளைந்த இரண்டு வாய். விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், "நாலாயிரத்துச் சொச்சத்துக்கு நகம் வெட்டியா? ரெண்டு மூட்டை அரிசி வந்திருக்குமே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த டப்பா எனக்குப் பரிசாகத் தெரியவில்லை, குற்றப் பத்திரிகையாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த ஸ்டீல் ஆராய்ச்சியில் நான் இறங்கியதே, 'இது வெறும் படாடோபம்' என்று நிரூபிக்கத்தான்.

என் தம்பி கோவையில் இரும்பைப் பதப்படுத்துகிற பட்டறையில் வேலை பார்க்கிறான். ஆயுத பூஜைக்கு லீவில் வந்தவனிடம் டப்பாவைக் காட்டி, "இதுல என்னடா அப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்தான். "அக்கா, சாப்பாட்டுத் தட்டு கொண்டா." கொண்டு வந்தேன். காந்தம் ஒட்டவில்லை. "இப்ப ஒரு ரூபாய் காசு." ஒட்டியது. "நகவெட்டி." ஒட்டியது. "மூணும் எவர்சில்வர்தான், மூணும் வேற வேற" என்றான்.

எனக்கு இது பெரிய ஆச்சரியம். எவர்சில்வர் என்றால் எல்லாம் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் ஸ்டீல் பிளாண்ட் வேறு இருக்கிறது. 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பாத்திரம் இல்லாத வீடு உண்டா? அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்க மனசு வராமல் அப்படியே வைத்திருப்போம்!

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். இரும்போடு குரோமியம் என்ற உலோகத்தை நூற்றுக்குப் பத்தரை பங்குக்கு மேல் சேர்த்தால் துருப் பிடிக்காது. அதுதான் ஸ்டெயின்லெஸ். பாத்திரத்துக்கு நல்ல சாதி என்றால் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். புளி, உப்பு, மோர் எதற்கும் அசையாது. ஆனால் அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கெட்டிப்படாது. அதனால் கூர் நிற்காது. கத்திக்கு ஆகிற எவர்சில்வர் வேறு. அதில் நிக்கல் இல்லாமல் அல்லது சொற்பமாக இருக்கும், கரி கூடுதலாக இருக்கும். ஆயிரம் டிகிரி சூட்டில் வைத்து, சட்டென்று குளிரவைத்தால் கெட்டியாகிவிடும். பிறகு மறுபடி மிதமாகச் சூடாக்கினால் உடையாத பதம் வரும். கிராமத்தில் ஆசாரி அரிவாளைக் காய்ச்சி 'சொய்ங்' என்று தண்ணீரில் முக்குவாரே, அதே வேலைதான், கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். 1913-இல் இங்கிலாந்தில் ஷெபீல்டு ஊரில் ஹாரி பிரியர்லி என்பவர் இந்த மாதிரி கெட்டிப்படுகிற ஸ்டெயின்லெஸை உருக்கினாராம். அதற்கப்புறம்தான் துருப்பிடிக்காத கத்தி வந்தது.

நமக்குப் புரிகிற உதாரணம் அரிவாள்மனைதான். அம்மா வீட்டு இரும்பு அரிவாள்மனை வாழைக்காயைக் கருக்கும், ஒரு நாள் துடைக்காமல் விட்டால் துரு ஏறும். ஆனால் அம்மிக் கல்லில் இரண்டு தேய் தேய்த்தால் கூர் வந்துவிடும். சீரில் வந்த எவர்சில்வர் அரிவாள்மனை பளபளவென்று இருக்கும், முருங்கைக்காயை மென்று துப்பும். நம் எல்லோர் வீட்டிலும் அந்தப் பளபளப்பு பரணில்தானே இருக்கிறது?

"அப்ப காந்தம் ஒட்டினா நல்ல நகவெட்டியா?" என்று கேட்டேன். "ஒரு ரூபாய் காசும் ஒட்டுதே, அதுல நகம் வெட்டுவியா?" என்றான். காந்தம் ஒட்டினால் நல்லது என்று அர்த்தம் இல்லை. ஆனால் வெட்டுகிற வாயில் காந்தம் ஒட்டவே இல்லை என்றால் அது பாத்திரத் தகடு, வாங்காதே என்று அர்த்தம். அவ்வளவுதான். அதோடு, விலை குறைந்த நகவெட்டிகளில் நிறைய, சாதாரண இரும்பில் செய்து மேலே முலாம் பூசியவை. முதலில் நன்றாகவே வெட்டும். வாய் ஓரத்தில் முலாம் தேய்ந்ததும் அங்கிருந்து துரு ஏறும், கூர் போகும். எங்கள் காலண்டர் நகவெட்டியின் கதை அதுதான்.

உசத்தி ஸ்டீல் என்றால் எண் சொல்லுவார்கள். 420 என்று ஒன்று (ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள், ஸ்டீலுக்கே அந்தப் பெயர்!). அதில் குரோமியம் 12-லிருந்து 14 பங்கு, கரி குறைவு. 440-சி என்று ஒன்று. அதில் குரோமியம் 16-லிருந்து 18 பங்கு, கரி ஒரு பங்கு அளவுக்கு. கெட்டித்தனத்தை 'ராக்வெல்' என்ற அளவில் சொல்கிறார்கள். முதலாவது ஐம்பதைத் தாண்டிச் சில புள்ளி, இரண்டாவது 58, 60 வரை போகும். கெட்டி கூடினால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் கீழே போட்டால் முனை பெயரும்.

"நகம் என்ன கல்லா? இவ்வளவு கெட்டி எதுக்கு?" என்று நான் விடவில்லை. அதற்கும் பதில் வைத்திருந்தான். 2020-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்லூரியில் சவர பிளேடை வைத்து ஆராய்ச்சி செய்தார்களாம். முடி ஸ்டீலை விட ஐம்பது மடங்கு மென்மை. ஆனாலும் பிளேடின் கூரில் கண்ணுக்குத் தெரியாத பலவீனமான இடங்கள் இருந்தால், முடி அங்கே மோதிக் கூரைத் துகள் துகளாகப் பெயர்த்துவிடுகிறது. முடிக்கே அப்படி என்றால், முடி செய்த அதே சாதிப் பொருளால் ஆன, அதைவிடப் பருமனான நகத்துக்கு எப்படி? ஆக, ஸ்டீலில் விஷயம் இல்லாமல் இல்லை.

என் வாதம் தோற்கப் போகிறது என்று தெரிந்ததும், "சரி, பரீட்சை வைப்போம்" என்றேன். வீட்டில் மூன்று நகவெட்டி இருந்தது. ஒன்று காலண்டர் நகவெட்டி. இரண்டாவது, கொரியாவில் செய்த 777 என்ற எண் போட்டது, பல வருஷத்துக்கு முன்னால் துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்தது, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது நாத்தனாரின் நிப்பர்.

முதலில் வாயை மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். காலண்டர் நகவெட்டியின் இரண்டு வாய்க்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு வாய் முன்னே, ஒரு வாய் பின்னே. மற்ற இரண்டிலும் வெளிச்சம் இல்லை. அடுத்து, கழுவிக் காயவைத்த ஆவின் பால் கவரில் ஒரு துண்டு. காலண்டர் நகவெட்டி கவரை மடித்துக் கடித்ததே தவிர வெட்டவில்லை. கொரியாவும் ஜப்பானும் 'டிக்' என்று சுத்தமாக வெட்டின. கையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பிறகு என் மகளின் கை நகம். கொரியா நகவெட்டியே போதும். சொல்லப் போனால் நிப்பரை விட அதுதான் வசதி. நிப்பரைக் கை நகத்துக்குப் பிடிக்கப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அப்படியானால் என் கட்சி ஜெயித்ததா? பாதிதான்.

அத்தையின் கட்டை விரலில் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கொரியா நகவெட்டியின் வாய்க்குள் அந்தத் தடித்த நகம் நுழையவே இல்லை. நிப்பரின் வாய் அகலமாகத் திறக்கிறது. முனையால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, அரிசி அளவு அரிசி அளவாக எடுக்கலாம். வெட்டுகிற இடம் கண்ணுக்குத் தெரிகிறது. அழுத்த வேண்டியதே இல்லை, நீளக் கைப்பிடி பாரத்தை வாங்கிக் கொள்கிறது. அழுத்தாததால் வழுக்கவில்லை. அன்றைக்கு என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனாலும் ஒரு கீறல் விழவில்லை. முடித்ததும் அத்தை, "ஆச்சா? இன்னிக்கு வேகமா முடிச்சிட்டே" என்றார்கள். நான் எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆக, அந்த நாலாயிரத்தில் ஸ்டீலுக்கு எவ்வளவு, அமைப்புக்கு எவ்வளவு? தம்பியைக் கேட்டேன். "ஸ்டீல் சின்னத் துண்டுதானே அக்கா, அதுக்கு என்ன பெரிய காசு? இரண்டு வாயும் முடி இடைவெளி இல்லாம சேர்ற மாதிரி ஒருத்தன் உட்கார்ந்து அரத்தால ராவி இருக்கான் பாரு, அந்தக் கூலிதான் காசு" என்றான். இது எனக்குப் பிடித்தது. நல்ல துணி வாங்கி அளவு தெரியாத டெய்லரிடம் கொடுத்தால் ஜாக்கெட் என்ன ஆகும்? ஸ்டீல் துணி மாதிரி. பதம் பிடிப்பதும் வாய் சேர்ப்பதும்தான் தையல்.

இந்த மாதிரி வேலைக்கென்றே ஊர்கள் இருக்கின்றன. ஜப்பானில் சான்ஜோ என்று ஒரு கொல்லர் ஊர். அங்கே 1926-இல் ஆரம்பித்த சுவாடா என்ற கம்பெனி முதலில் குறடுதான் செய்ததாம், பிறகுதான் நகத்துக்கு வந்தார்களாம். செக்கி என்று இன்னொரு ஊர், எழுநூறு வருஷத்துக்கும் மேலாக வாள், கத்தி செய்கிற ஊர். ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊரின் பெயரை அந்த ஊரில் செய்யாத கத்தியில் போடக் கூடாது என்று 1938-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நமக்கும் ஒரு காலத்தில் இந்தப் பெருமை இருந்திருக்கிறது. எங்கள் சேலத்து இரும்புக் கல்லைப் பறங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் 1830-களில் வெள்ளைக்காரர் ஒருவர் ஆலை வைத்து உருக்கினார் என்று தம்பி சொன்னான். கஞ்சமலையைத் தினமும் பார்க்கிறேன், இது எனக்குத் தெரியாது!

ஆனால் சகோதரிகளே, பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் இருந்தால் அது எந்த சாதி என்று அதில் இல்லை. 'சர்ஜிகல் ஸ்டீல்' என்பது குறிப்பிட்ட ஒரு ஸ்டீலின் பெயரே இல்லை, யாரும் போட்டுக் கொள்ளலாம். 'ஜெர்மன் ஸ்டீல்' என்றால் தகடு அங்கிருந்து வந்திருக்கலாம், செய்தது எங்கேயோ. சீர் வரிசைக்கு வாங்குகிற பன்னிரண்டு உருப்படி செட்டில் பெரும்பாலும் இரண்டுதான் உபயோகப்படும். மற்றதெல்லாம் வெல்வெட் பெட்டியின் அழகுக்கு. அதிலும் காதுக் குரும்பி எடுக்கிற கரண்டி, நகக்கண் தோலை வெட்டுகிற கத்தரி இதெல்லாம் கைக்குக் கிடைத்தால் சும்மா இருக்க முடியாமல் எதையாவது நோண்டிப் புண்ணாக்கிக் கொள்வோம். அந்தச் சகோதரி கோபித்துக் கொள்ளக் கூடாது. அதே காசுக்கு நல்ல நகவெட்டி ஒன்றும், நல்ல அரம் ஒன்றும் வாங்கியிருந்தால் மகளுக்கு இருபது வருஷம் வரும்.

வாங்கும்போது கடையிலேயே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். போன மாதம் மகளுக்கு 120 ரூபாயில் ஒன்று வாங்கினேன். ஏழெட்டு எடுத்துப் பார்த்து, வாய் சரியாகச் சேர்ந்த ஒன்றைப் பொறுக்கினேன். அருமையாக வெட்டுகிறது. ஒரே கம்பெனி, ஒரே அட்டை, ஆனால் ஏழில் மூன்றின் வாய் சேரவில்லை!

இப்போது என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விலை கூடிய ஸ்டீல் ஆச்சே, துருவே பிடிக்காது என்று நினைத்து, நிப்பரைக் குளியலறை சோப்புப் பலகையில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், உப்பு. ஒரு மாதத்தில் வாயின் ஓரத்திலும் மூட்டிலும் சின்னச் சின்னக் காவிப் புள்ளி. எனக்குப் பகீரென்றது. நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வேன்? தம்பிக்குப் போன் போட்டால் சிரிக்கிறான். கூர் நிற்கிறதற்காகச் சேர்த்த கரி, குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு பிடித்து வைத்துக் கொள்ளுமாம். அதனால் கத்தி ஸ்டீல் என்னதான் உசத்தி ஆனாலும் நம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் துருவைத் தாங்காது. உப்புத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் இரண்டும் அதற்கு ஆகாது. பல் பேஸ்ட் வைத்துத் துணியால் தேய்த்ததில் புள்ளி போய்விட்டது. இப்போது உபயோகித்ததும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி பீரோவில் வைக்கிறேன். தாலிச் செயின் பக்கத்தில் நகவெட்டி என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார்.

இன்னொன்று, ஆளுக்கு ஒரு நகவெட்டி வைத்துவிட்டேன். ஒருவர் நகத்தில் இருக்கிற பூஞ்சை அடுத்தவருக்கு ஒட்டும், ரத்தம் பட்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகூடப் பரவலாம் என்று டாக்டர் சொன்னார். காலண்டர் நகவெட்டி இப்போது சோடா மூடி திறக்க மட்டும்.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருக்கிறவர்களுக்காக டாக்டர் சொன்னதை எழுதிவிடுகிறேன், இதற்கு நாலாயிரம் தேவையில்லை. குளித்த பிறகு நகம் இளகி இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் வெட்ட வேண்டும். அதற்காகக் காலை நெடுநேரம் ஊறப் போடக் கூடாது. விரல் இடுக்கை நன்றாகத் துடைக்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தில் வளைத்து உள்ளே தோண்டக் கூடாது. ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு, மீதியை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். பாதம், இடுக்கு எல்லாம் தினமும் பார்க்க வேண்டும், அவர்களுக்கு வலி தெரியாததால் நம் கண்தான் பார்க்க வேண்டும். சின்னக் கீறல் பட்டாலும், என்னை மாதிரி மஞ்சளை அப்பிவிட்டு 'ஒண்ணுமில்லை' என்று போகாமல், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நகம் மிகவும் தடித்து உள்ளே வளர்ந்திருந்தால் வீட்டில் கை வைக்கவே கூடாது, ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுவார்கள்.

தீபாவளிக்கு நாத்தனார் போன் செய்தபோது, "நீ கொடுத்தது நல்ல சாமான், அத்தைக்கு இப்ப அதுலதான் வெட்டறேன்" என்று நானே சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணி. தூரத்துல இருந்துட்டுப் பேசறது சுலபம்" என்றாள். துரு விஷயத்தை மட்டும் நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இந்த மலரை அவள் அங்கே செல்போனில் படிக்கிறவள், தெரிந்துவிடும்!

கடைசியாக வாசகிகளிடம் ஓர் உதவி. இந்த நிப்பர் என்றைக்காவது மழுங்கினால் செய்த கம்பெனிக்கே அனுப்பிச் சாணை பிடிக்கலாமாம். சான்ஜோவுக்கு நான் எங்கே போவது? தெருவில் வருகிற சாணைக்காரரிடம் காட்டினேன். சக்கரத்தில் வைத்தால் வாயின் வளைவு போய்விடும், எனக்கு வேண்டாம் அம்மா என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். சேலம், ஈரோடு, கோவைப் பக்கம் ஆஸ்பத்திரிக் கத்தரி, தையல் கத்தரி எல்லாம் நுணுக்கமாகச் சாணை பிடிக்கிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, சேலம்.